கட்டைவிரல் நுழையாத குழாய்

ராவுத்தர் தம் வலது கட்டைவிரலை ஓர் இரும்புக் குழாயின் வாய்க்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். வெளியே பெரிய கடைத் தெருவில் ஒரு ஜட்காக்காரர் தம் குதிரையின் பரம்பரையை உரக்க விசாரித்துக்கொண்டிருக்கிறார். கடைக்குள் துருவும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த நெடி.

"ஸ்டீம்" என்கிறார் ராவுத்தர். விரலை உருவி அடுத்த குழாயில் விடுகிறார். "காஸ்." அதற்கு அடுத்தது. "தண்ணி."

மூன்று குழாய்களும் என் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தன. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கதையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். என் கல்யாணம், நான் கோட்டை விட்ட பரீட்சைகள், காவேரி வெள்ளம் எல்லாவற்றையும் எழுதித் தீர்த்தாகிவிட்டது. இனி ஒளிந்துகொள்ள இடமில்லை.

அப்போது எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பி.ஏ. பாஸ் செய்துவிட்டுக் கலெக்டர் ஆபீஸ் உத்தியோகத்துக்காகக் காத்திருந்தேன். கலெக்டர் ஆபீஸ் எனக்காகக் காத்திருக்கவில்லை. கடைசியில் திருச்சியில் மீரான் ராவுத்தரின் இரும்புக் கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் கேட்பவர்களிடம் என் மாமனார், "மாப்பிள்ளை கம்பெனியில் இருக்கார்" என்பார். எந்தக் கம்பெனி என்று மேலே கேட்டால் அவருக்குத் திடீரென்று சந்தியாவந்தனம் ஞாபகம் வந்துவிடும்.

ஓர் அங்குலம் என்கிற பொய்

ஒரு சின்னப் பாடம் இங்கே அவசியம். இல்லாவிட்டால் பின்னால் வரும் கூத்து புரியாது.

'ஓர் அங்குலக் குழாய்' என்று ஒன்றை விற்கிறோமே, அதை அளந்து பாருங்கள். வெளியே அளந்தால் ஓர் அங்குலத்தைத் தாண்டிக் கால் அங்குலத்துக்கு மேல் இருக்கும். உள்ளே அளந்தால் ஒரு குழாயில் ஒன்றுக்குச் சற்றுக் கூட, இன்னொன்றில் ஒன்றுக்கு ரொம்பக் கிட்டே. ராவ்பகதூர் பட்டம் மாதிரிதான் இதுவும், பெயர்தான் நிச்சயம்.

வெளிச் சுற்றளவு மட்டும் எல்லாக் குழாய்க்கும் ஒன்றே. ஏனென்றால் எல்லாவற்றிலும் ஒரே திருகு மரைதான் போட வேண்டும், ஒரே சாக்கெட்டைத்தான் மாட்ட வேண்டும். ஆகவே தகடு கனமாக ஆக அது உள்பக்கமாகத்தான் வளரும். மெல்லிய தகடு காஸுக்கு, நடுத்தரம் தண்ணீருக்கு, கனத்த தகடு நீராவிக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மூன்றும் ஒன்றே.

ராவுத்தர் கட்டைவிரல் காஸ் குழாயில் அடிவரை போகும். தண்ணீர்க் குழாயில் பிடித்துப் பிடித்துப் போகும். நீராவிக் குழாயில் விரல் முட்டியில் தடுத்து நின்றுவிடும். என் விரலும் அதே பருமன். கடையில் எனக்கு இருந்த ஒரே தகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் அந்த விரல் வாய்க்காதல்லவா? அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு குழாயின் இடுப்பிலும் ஒரு பட்டை பெயின்ட் அடித்துவிடுவோம். காஸுக்குப் பழுப்பு, தண்ணீருக்கு நீலம், நீராவிக்குச் சிவப்பு.

லால்குடிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் ஒரு சமயம் கடைக்கு வந்தார். மடியிலிருந்து ஒரு நூலை எடுத்தார். அவருடைய பங்காளி வீட்டுக் குழாயின் சுற்றளவு அது.

"இதைவிடத் தடியா ஒரு குழாய் குடுங்க. அவன் வீட்டுக் குழாயைவிட நம்ம குழாய் பெருசா தெரியணும்" என்றார்.

கனமான குழாய் இருக்கிறது, ஆனால் வெளியே ஒரே சுற்றளவுதான் என்று ராவுத்தர் பொறுமையாகச் சொன்னார். மிராசுதார் குன்றிப்போய்விட்டார். வெளியே தெரியாத கனத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கடைசியில் நீராவிக் குழாயையே வாங்கி, நுனி முதல் அடி வரை சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லி எடுத்துப் போனார். அதில் அவர் கிணற்றுத் தண்ணீர்தான் ஓடியது.

மிராசுதாரைப் பார்த்து நான் ஒரு வாரம் சிரித்தேன். அவருக்காவது பெயின்ட்டின் அருமை தெரிந்திருந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் ஆசாரம்

என் மாமனார் ரங்காச்சாரியார் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதிச் சபைக்குத் தலைவர். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள், துவாதசியன்று, பட்டினி கிடந்த வெளியூர்க் கூட்டத்துக்கெல்லாம் சபையின் கூடத்தில் சாப்பாடு போடுவார்கள். கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போயிற்று. விறகு அடுப்பில் வடித்து மாளவில்லை.

மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி மில்லில் நெல் அவிக்கிற பழைய பாய்லர் ஒன்று சும்மா கிடந்தது. நீராவியில் சாதம் வேகவைக்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். சபை நாலு கூட்டம் போட்டு விவாதித்தது. பாய்லர் எப்படி வேலை செய்யும் என்பதைப் பற்றி விவாதமே இல்லை. அதை மூட்டுகிற அந்தோணி என்பவர் மடைப்பள்ளிக்குள் வரலாமா என்பதுதான் நாலு கூட்டத்திலும் பேச்சு.

சபையின் காரியதரிசி ஒரு மாஜி ஜட்ஜ். அவர்தான் தீர்ப்புச் சொன்னார். பாய்லரும் அந்தோணியும் சுவருக்கு வெளியே சந்தில் இருக்க வேண்டியது. மில்லின் பழைய குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வந்து ஒரு திருகு சக்கரத்தோடு நிற்க வேண்டியது. சக்கரத்திலிருந்து இந்தப் பக்கம் புதுக் குழாய், உத்தரத்தில் தொங்கியபடி அண்டாக்களுக்குப் போக வேண்டியது. நீராவி சுவரைத் தாண்டும்போதே சுத்தமாகிவிடும் என்பது அவர் கட்சி. எந்த இடத்தில் சுத்தமாகிறது, செங்கல்லிலா சுண்ணாம்பிலா என்று யாரும் கேட்கவில்லை.

குழாய் எங்கள் கடையிலிருந்து போயிற்று. சிவப்புப் பட்டை போட்டது நீராவிக்கு. கூடவே பழுப்புப் பட்டை போட்ட காஸ் குழாயும் அதே எண்ணிக்கையில் போயிற்று. அது கூட்டத்தை வரிசையில் நிறுத்துவதற்கு. மரத் தூண்களில் துளை போட்டுக் குழாயைச் செருகிவிட்டால் கம்பித் தடுப்பு ஆயிற்று.

குழாய் போய்ச் சேர்ந்த அன்று மாமனார் என்னைக் கூப்பிட்டார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளை, யார் யாரோ தொட்டு வந்திருக்கு. புளி, சாம்பல், செங்கல் தூள் போட்டு ஒரு தரம் நன்னா தேய்ச்சுட்டு உள்ளே எடுத்துக்கலாமோன்னு பார்க்கறேன். இரும்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தாராளமா தேய்க்கலாம் மாமா. இரும்புக்கு என்ன ஆகும்?" என்றேன்.

இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

வரதன் கேட்ட கேள்வி

தலைமைச் சமையல்காரர் பெயர் வரதன். அண்டாவைத் தனியாளாகச் சரிக்கிற தோள். பேச்சு மட்டும் மெல்லியது. சக்கரத்தைத் திருகி நீராவியைத் திறந்துவிடும் வேலை அவருக்கு. சபையில் யாரும் கேட்காத கேள்வியை அவர் ஒருவர்தான் என்னைக் கேட்டார்.

"மாப்பிள்ளை, அது வெடிச்சுடாதே? எனக்கு மூணு குழந்தைகள்."

"எங்க கடைக் குழாய் வெடிக்காது. நான் இருக்கேன், கவலைப்படாதீங்கோ" என்று அவர் தோளைத் தட்டினேன்.

ஏகாதசியன்று பிற்பகல் வெள்ளோட்டம் என்று ஏற்பாடு. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். ஊரே பட்டினி. எல்லோருக்கும் நாக்கு வறண்டு கோபம் மூக்கின் நுனியில் இருந்தது. வாசலில் கம்பித் தடுப்பு ஜோராக நின்றது. அதில் வெளியூர் ஜனம் சாய்ந்துகொண்டிருந்தது. கம்பி இம்மியும் வளையவில்லை. காஸ் குழாய் இவ்வளவு திடமாக நிற்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

தூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையில், தொழில் பழக்கத்தில் கட்டைவிரலை விட்டேன்.

முட்டியில் தடுத்தது.

அடுத்த குழாய்க்கு ஓடினேன். அதிலும் தடுத்தது. அதற்கடுத்ததிலும். ஒன்றின் மேலும் பட்டை இல்லை. எல்லாம் வெள்ளி மாதிரி பளபளத்தன.

உள்ளே போய் வரதனைப் பிடித்தேன். "குழாயை எப்படிப் பிரிச்சேள்?"

அவர் முகம் மலர்ந்தது. "அதுவா? தேய்ச்சப்புறம் எல்லாம் ஒரே மாதிரி ஆயிடுத்து. நான்தான் தூக்கிப் பார்த்துப் பிரிச்சேன். உத்தரத்தில் தலைக்கு மேலே தொங்கறதுக்கு லேசானது. வாசல்ல கூட்டம் சாயறதுக்குக் கனமானது. சரிதானே?"

எவ்வளவு நியாயமான காரியம்! அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பிரித்திருப்பேன். மரை ஏற்கெனவே போட்டு வந்த குழாய், ஆகவே கடையில் கொடுத்த பசையைத் தடவித் திருகி மாட்டினால் தீர்ந்தது. வெட்டவோ அளக்கவோ தெரிந்த பிட்டர் ஒருவர் உள்ளே வந்திருந்தால் பார்த்த உடனே சொல்லியிருப்பார். அந்த மாதிரி ஆளைத்தான் உள்ளே விடவில்லையே.

காஸ் குழாயின் தகடே மெல்லிசு. மரை வெட்டிய இடத்தில் அதிலும் பாதி போய்விடும். மிச்சம் இருக்கிற அந்தக் காகிதத்தை நம்பிக்கொண்டு வரதன் சக்கரத்தடியில் நிற்கப் போகிறார். நிற்கச் சொன்னவன் நான்.

கட்டைவிரல் சாட்சி செல்லாது

சபையார் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது, தேய்க்கச் சொன்னவன் நான், பட்டையை மறந்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். மாமனார் முகம் சுண்டிப்போயிற்று.

மாஜி ஜட்ஜ் ஒரு நூலைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே இருந்த குழாயைச் சுற்றி அளந்தார்கள். வாசல் குழாயைச் சுற்றி அளந்தார்கள். நூல் ஒரு முடி கூடப் பிசகவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே ஓய்?" என்றார் ஜட்ஜ்.

"வெளியே ஒண்ணுதான். வித்தியாசம் உள்ளே."

"கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்துக்குச் சாட்சி யார்?"

"என் கட்டைவிரல்" என்றேன்.

பசியிலும் சபை சிரித்தது. வெள்ளோட்டம் நடத்துவது என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டாயிற்றாம். அதை நிறுத்த இன்னொரு தீர்மானம் வேண்டுமாம். அதற்கு ஐந்து பேர் வேண்டும், இரண்டு பேர் கோயிலில் பெருமாள் சேவைக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வரட்டும், பேசலாம் என்றார்கள். பாய்லருக்கு இந்த விதி யாரும் சொல்லியிருக்கவில்லை. அது பாட்டுக்குச் சூடேறிக்கொண்டிருந்தது.

சந்துக்கு ஓடினேன். அந்தோணி துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நெருப்பை அணைச்சுடுங்க, குழாய் மாறிப்போச்சு" என்றேன்.

"சாமி, நேத்து ஒருத்தர் வந்து அணைங்கன்னார், அணைச்சேன். இன்னொருத்தர் வந்து யாரைக் கேட்டு அணைச்சேன்னு வைஞ்சார். சபையில எழுதிக் குடுங்க, இந்த நிமிஷமே அணைக்கிறேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

நான் திரும்பி உள்ளே வருவதற்குள் சுவருக்கு மேலாக அவர் குரல் கேட்டது. "ஆவி முள்ளு ஏறிருச்சுங்க! திறக்கலாங்க!"

வரதன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஜட்ஜ், "திறவும் ஓய்" என்றார். வரதன் பெருமாளை நினைத்துக்கொண்டு சக்கரத்தில் கையை வைத்தார். அதைப் பார்த்தபோது எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. அது என் குரல்தானா என்று இன்றைக்கும் சந்தேகம்.

"நிறுத்துங்கோ! மரையில் தடவின பசையில் மாட்டுக் கொழுப்பு இருக்கு!"

நான் எழுதிய கடிதங்கள் எதுவும் அந்த வாக்கியத்தைப் போல வேலை செய்ததில்லை. மணையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். தீர்மானமும் இல்லை, ஐந்து பேரும் இல்லை. ஜட்ஜே வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். அண்டா கழுவுகிறவர்கள், பரிசாரகர்கள், சபை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து உத்தரத்திலிருந்து குழாய் முழுவதையும் கழற்றிக் கொல்லையில் எறிந்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்காது. அந்தோணிக்கு நெருப்பை அணைக்கச் சொல்லி மாமனாரே சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

ஒரு மனிதன் வெந்துபோவான் என்றபோது ஐந்து பேர் கணக்குப் பார்த்தவர்கள் இவர்கள்தான்.

கழற்றும்போது ஒரு முனை மரையோடு கிழிந்து வாழைப் பட்டை மாதிரி உரிந்து வந்தது. அது சக்கரத்துக்குப் பக்கத்துக் குழாய். வரதனை அழைத்துப் போய்க் காட்டினேன். அதன் வாய்க்குள் என் கட்டைவிரல் அடிவரை போயிற்று. அவர் கிழிந்த தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"பசையில் கொழுப்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்று தலையசைத்தேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை" என்றார்.

மறுநாள் விறகடுப்பில்தான் சமையல் நடந்தது. துவாதசிச் சமையலில் புளி சேர்க்க மாட்டார்கள். அதுவும் நல்லதாயிற்று, வீட்டிலிருந்த புளியெல்லாம் குழாய்க்குப் போய்விட்டது. அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் பிரமாதம் என்று வெளியூர் ஜனம் சொல்லிக்கொண்டு போயிற்று.

சால்வை

செய்தி எனக்கு முன்னால் காவேரிப் பாலத்தைத் தாண்டிவிட்டது. கடையில் நுழைந்ததும் ராவுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"என்ன ஐயங்காரே, நம்ம குழாயில கொழுப்பு தடவியிருந்துச்சாமே?"

எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பசையில் செந்தூரமும் ஆளிவிதை எண்ணெயும் சணலும் தவிர எதுவும் கிடையாது. அவர் கையாலேயே குழைத்த பசை அது. அவர் வாப்பா காலத்திலிருந்து கோயில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் குழாய் கொடுத்து வந்த கடை அது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குழாய் முனைகளில் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆள் பிழைச்சாரா?"

"பிழைச்சார்."

"புள்ளைங்க இருக்கா?"

"மூணு."

எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "சரிங்க. யாராவது வந்து கேட்டா, கொழுப்பு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க எப்ப முடியுதோ அப்ப நெசத்தைச் சொல்லிருங்க."

அவ்வளவுதான் சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் சபை கூடி இரண்டு தீர்மானங்கள் போட்டது. ஒன்று, மீரான் ராவுத்தர் கடையில் இனி யாரும் எதுவும் வாங்கக் கூடாது. இரண்டு, சமயத்தில் உண்மையைச் சொல்லி ஆசாரத்தைக் காப்பாற்றிய மாப்பிள்ளைக்குச் சால்வை. ஐந்து பேருக்கு மேலேயே வந்திருந்தார்கள். மாமனார் கண்ணில் தண்ணீர். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என்னைக் கட்டிக்கொண்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். சால்வை தோளில் விழுந்தது. கதகதப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறு துவாதசிக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு மாமனார் காலத்துக்கு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் எனக்குச் சென்னையில் வேறு வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்து ஆட்கள் யாரும் கடைப் படியேறவில்லை, வரதன் ஒருவரைத் தவிர. அவர் மட்டும் ஏகாதசிக்கு ஏகாதசி பாலத்தைக் கடந்து நடந்து போய், கடை வாசலில் ராவுத்தருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஓர் ஆணியாவது வாங்கிக்கொண்டு வருவாராம். ராவுத்தர் காலமான பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. அவர் மகன் சொன்னார். தம் வாப்பா ஏன் அந்த ஆணிக்கு மட்டும் எழுந்து நின்றார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அன்றும் நான் சொல்லவில்லை.

போன மாதம் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். கூடத்து வாசலில் கம்பித் தடுப்பு அப்படியே இருக்கிறது. இப்போதைய தலைவர் அதைத் தட்டிக் காட்டி, "அந்தக் காலத்துச் சரக்கு, இப்போ இந்த மாதிரி வருமா?" என்றார். அவர் உள்ளே போனதும் நான் முனையில் கட்டைவிரலை விட்டேன். அதே இடத்தில் தடுத்தது. ஆனால் என் விரல் முட்டி இப்போது வாதத்தில் வீங்கியிருக்கிறது, குழாய் வாயில் இறுகிவிட்டது. விரல் வெளியே வரவில்லை.

வரிசையைப் பார்த்துக்கொள்கிற ஆள் வந்தார். தேங்காய் எண்ணெய் விட்டு விரலை மெல்ல உருவினார். "ஏன் சுவாமி, இந்த வயசுல இதுல போய் விரலை விடலாமா?" என்றார்.

"இது மீரான் ராவுத்தர் கடைக் குழாய்" என்றேன். அந்த வாசலில் நின்று அந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"யார் அது?" என்று கேட்டார்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதினேன். அந்தப் பசையில் கொழுப்பு இல்லை. ராவுத்தர் கொடுத்த குழாயில் குற்றம் இல்லை. சால்வை என் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நாளைக்குத் திருச்சிப் பெரிய கடைத் தெருவுக்கு, ராவுத்தர் மகனைப் பார்க்கப் போகிறேன்.